வடக்கு கோலுக்கு முன்னால் ஒரு மேடு

1

பதினாறு சுருள் கம்பளத்தை ஒவ்வொன்றாக விரித்து ஒட்டிக்கொண்டே போனால், கடைசியில் எட்டு அங்குலம் மிஞ்சுகிறது. மிஞ்சியது, போக இடமில்லாமல், வடக்கு கோலுக்கு முன்னால் மேடாக எழும்புகிறது. சுருள்களின் எண்ணிக்கை சரி. அரங்கத்தின் நீளமும் சரி. பிறகு ஏன் இந்த மேடு என்பதுதான் களப் பொறுப்பாளர் லோரெட்டா பில்ஸ்கிக்குப் புரியவில்லை.

இந்தக் கதை அந்த மேட்டில் தடுக்கி விழுந்து பிறந்தது. நான் எழுத உட்கார்ந்தது கட்டுரை. ஆண்டு மலருக்கு நான்கு பக்கம் வேண்டும் என்று லீக் அலுவலகம் தொலைபேசியில் கேட்டது. "நம்ம லீக்கோட வரலாறு, அமைப்பு. அவ்வளவுதான். சோகமா எழுதிடாதீங்க." நான் டோலிடோ நகர அணியின் அறிவிப்பாளன். கோல் விழுந்தால் அடித்தவன் பெயரை ஒலிபெருக்கியில் இழுத்துச் சொல்வது என் வேலை. அதைச் செய்பவனுக்கு எழுதவும் வரும் என்று யாரோ நினைத்துவிட்டார்கள்.

முதல் வரைவு: "உள்ளரங்கக் கால்பந்து என்பது இடைவிடாத உற்சாகத்தின்—"

(விட்டுவிட்டேன். எங்கள் அரங்கில் பாதி நாற்காலிகள் மடித்தபடியே இருக்கும்.)

நான்காம் வரைவு: "லீக் என்பது ஒரு குடும்பம். அதில்—"

(இதுவும் வேண்டாம். ஆறு பேருக்குக் குறைந்தால் கலைக்கப்படும் குடும்பம் எங்கும் இல்லை.)

பன்னிரண்டு வரைவுகளும் ஏதாவது ஒரு பத்தியில் லோரெட்டாவிடம் போய் முட்டி நின்றன. ஆகவே அவளையும் சேர்த்தே எழுதிவிடுவது என்று முடிவுசெய்தேன். (கதைக்குள் 'அவள்' என்கிறேன். அறுபத்தொரு வயது. நேரில் இப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை.)

முதலில் அமைப்பு. பனி ஹாக்கி ஆடும் களத்தின் மேல் பலகைகளைப் பரப்பி, அதன் மேல் புல்போன்ற கம்பளத்தை விரித்து ஆடுவது எங்கள் ஆட்டம். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். சுற்றிலும் தடுப்புச் சுவர். பந்து வெளியே போகாது, சுவரில் பட்டுத் திரும்பும். ஆட்டம் நிற்காததால் ஆட்களை மாற்றுவதும் ஓட்டத்திலேயே. தவறு செய்தவன் இரண்டு நிமிடம் ஓரமாகப் பெட்டிக்குள் உட்கார வேண்டும். எல்லாமே அரங்கம் தந்த விதிகள்தான். குளிர்காலத்தில் ஹாக்கி இல்லாத நாட்களில் பெரிய பெரிய அரங்கங்கள் சும்மா கிடந்தன. அந்தக் காலியிடத்துக்குப் பொருத்தமாக ஓர் ஆட்டத்தைத் தைத்துக்கொண்டார்கள்.

லீக் என்பது இப்போது ஆறு அணிகள். ஓர் அணிக்கு ஒரு வாக்கு. ஆறுக்குக் கீழே போனால் அரங்கங்களோடு போட்ட ஒப்பந்தங்கள் செல்லாது, லீக்கும் இல்லை. மூடப்பட்ட அணியின் சாமான்கள் லீக்கின் கொட்டகைக்குப் போகும். அடுத்து வரும் புது அணிக்கு அங்கிருந்து இரவல் கிடைக்கும். இரவல் சாமானை வெட்டக் கூடாது, தைக்கக் கூடாது, வண்ணம் பூசக் கூடாது.* இன்னொரு விதி: களம் பாதுகாப்பாக இல்லையென்று ஒரே பருவத்தில் இரண்டு உள்ளூர் ஆட்டங்கள் ரத்தானால் அந்த அணியின் உறுப்புரிமை போய்விடும்.

டோலிடோவுக்கு ஒன்று ஏற்கெனவே ரத்தாகியிருந்தது. காரணம் அந்த மேடு.

* மிஞ்சும் எட்டு அங்குலத்தை வெட்டி எறிந்தால் என்ன என்று கேட்க வாய் திறந்த வாசகருக்கு இதுவே பதில். எங்கள் கம்பளமும் இரவல்தான்.

1

(எண் சரியாகத்தான் இருக்கிறது. அச்சுக்கோப்பவர் கைவைக்க வேண்டாம்.)

சனிக்கிழமை மதியம் ஒரு மணி. பிள்ளைகளின் ஹாக்கிப் பயிற்சி முடிந்து, பனியின் மேல் பலகைகள் பரப்பியாகிவிட்டது. மூன்று மணிக்கு லீக்கின் ஆய்வாளர் வருவார். ஏழுக்கு ஆட்டம்.

லோரெட்டா போட்டிருந்தது செத்துப்போன ஓர் அணியின் மேலங்கி. அவளிடம் அப்படி நான்கு உண்டு. மூன்று லீக்குகள், நான்கு அணிகள், எல்லாவற்றுக்கும் களப் பொறுப்பாளர் அவள்தான். அறையும் அதே அறைதான், கதவில் பெயர்ப்பலகை மட்டும் மாறும். நான்கில் மூன்றாவதற்குத்தான் ஜிப் ஒழுங்காக ஏறும். அதனால் அதையே போட்டுக்கொள்வாள். மார்பிலிருந்த சின்னத்தின் மேல் கறுப்பு ஒட்டுநாடா ஒட்டியிருந்தாள்.

"இன்னைக்கும் மேடு வந்தா?" என்று கேட்டான் லாஸ்லோ. சுமைதூக்கி வண்டி ஓட்டுபவன். இருபது வருடமாக அவளோடு வேலை செய்கிறவன்.

"வந்தா சாவிக்கொத்தக் கழட்டி மேசைல வெச்சிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

"போன தடவயும் இதான் சொன்ன. அதுக்கு முந்துன தடவயும்."

"அப்போ முட்டி வலி இல்லடா."

(இங்கே அவளைக் கொஞ்சம் சந்தேகிக்கிறேன். நிஜ மனுஷி இதைவிடக் குறைவாகப் பேசுவாள். 'ம்' என்பதோடு முடித்துக்கொள்வாள். ஆனால் 'ம்' என்பதை வைத்துக்கொண்டு இரண்டாயிரம் சொல் எழுத முடியாது.)

அவள் எல்லாம் செய்து பார்த்திருந்தாள். சுருள்களை இழுத்துப் பிடித்து விரித்தாள், மேடு வந்தது. தளர விட்டு விரித்தாள். இன்னும் பெரிய மேடு வந்தது. பருவத்தின் முதல் ஆட்டத்தில் ஓரத்தை மடித்து ஆணியடித்தாள், எதிரணி கோல்காப்பாளன் அதில் கால் மாட்டி, "இது களமா, மாடிப்படியா?" என்று நடுவரிடம் கத்தினான். எப்படியோ அன்று ஆடி முடித்தார்கள். அடுத்த ஆட்டத்தை ஆய்வாளரே நிறுத்திவிட்டார்.

சுருள்களின் பின்பக்கத்தில் மஞ்சள் வண்ணத்தில் ஒன்றிலிருந்து பதினாறு வரை எண்கள் இருந்தன. தெற்கு வாசலில் ஒன்றைத் தொடங்கி வடக்கே பதினாறில் முடிப்பார்கள். வண்டி வரும் வாசலும் தெற்கில்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மஞ்சளுக்கு அடியில் மங்கிப்போன நீல எண்களும் இருந்தன. அவற்றைப் பார்த்தால் சிரிப்பு வரும். இரண்டு ஒன்று, இரண்டு இரண்டு, இரண்டு மூன்று என்று எட்டு வரை எல்லாமே இரட்டை.

"குடிச்சிட்டு எழுதியிருக்கான்" என்றான் லாஸ்லோ.

"இல்ல. ரெண்டு கம்பளம். சேர்த்துட்டாங்க" என்றாள் லோரெட்டா.

2

ஏன் அப்படிச் சொன்னாள் என்பதற்கு வரலாற்றில் ஓர் அடி பின்னால் போக வேண்டும்.

இந்த லீக்குக்கு முன்னால் ஒரு லீக் இருந்தது. அது இரண்டு லீக்குகள் இணைந்து உருவானது. ஒன்றில் பந்து எங்கிருந்து போனாலும் கோல் ஒன்றுதான். இன்னொன்றில் தூரத்திலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி. இணைந்த பிறகு எந்த விதி என்று முடிவெடுக்க ஒரு கோடை முழுக்கக் கூட்டம் போட்டார்கள். அதற்குள் ஐந்து அணிகள் மூடப்பட்டுவிட்டன.

ஓர் அணி எப்படிச் சாகிறது என்பதை நான் ஆசையோடு விளக்குவேன். கேட்பதற்கு ஆள்தான் இருக்காது. அணிகள் பெரும்பாலும் மே மாதத்தில் சாகும். முதலாளியின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். பிறகு மற்ற அணிகள் தொலைபேசியில் ஒன்றுகூடி, செத்த அணியின் ஆட்டக்காரர்களை வரிசைப்படி எடுத்துக்கொள்ளும். இருபது நிமிட வேலை. பகலில் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருப்பவன், அடுத்த பருவம் எந்த ஊரில் குடியிருப்பது என்பதை மாலையில் குறுஞ்செய்தியில் தெரிந்துகொள்வான்.

சாக மனமில்லாத அணிகள் இணையும். இரண்டு ஊர்ப் பெயரை ஒரே சட்டையில் போட்டுக்கொள்ளும். இரண்டு பயிற்சியாளர்கள், இரண்டு மேளக் குழுக்கள், இரண்டு விலங்கு வேஷக்காரர்கள். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அப்படிப்பட்ட அணிகளில் காலம் தள்ளியவர்கள். எதையாவது இரட்டையாகப் பார்த்தால், இது இணைந்தது என்றுதான் அவர்களுக்கு முதலில் தோன்றும்.

வேறு யாராவது அந்த நீல எண்களைப் பார்த்திருந்தால் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்கள். எங்கள் லீக்கில் அது கேள்வியே இல்லை. எங்களுக்கு முன் இந்தக் கம்பளத்தை வைத்திருந்த டேட்டன் அணியும் அக்ரன் அணியும் இணைந்தபோது ஆளுக்குப் பாதிக் கம்பளம் போட்டார்கள் என்று ஒரு கதை சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் பார்த்ததில்லை. ஆனால் அப்படித்தான் நடந்திருக்க முடியும் என்று எல்லோரும்—

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தேவையில்லை. நீங்களே முடித்திருப்பீர்கள். அவர்களும் அப்படித்தான் முடித்தார்கள்.)

மஞ்சள் எண் மட்டும் டேட்டனில் எழுதியது என்று உறுதியாகச் சொல்ல முடியும். அங்கே ஆடியது ஹாக்கி அரங்கத்தில் அல்ல, பொருட்காட்சிக் கூடத்தில். இருபது அடி நீளம் அதிகம். எங்கே தொடங்கினாலும் எங்கே முடித்தாலும் இடம் கிடந்தது. அதனால் வாசல் பக்கமிருந்து ஒன்று, இரண்டு என்று எழுதிவிட்டார்கள். அங்கே அது தவறே இல்லை.

2

ஒன்றேகால் மணிக்கு வண்டி நின்றுவிட்டது.

லாரியில் மஞ்சள் ஒன்பதாம் சுருள் மேலே கிடந்தது. ஒன்றாம் சுருள் அதற்கு அடியில். ஒன்பதை எடுத்து வடக்குப் பக்கம் ஒதுக்கி வைக்கலாம் என்று லாஸ்லோ சுமைதூக்கியில் ஏற்றிக்கொண்டு போனான். அரங்கத்தின் நட்டநடுவில் பேட்டரி உயிரை விட்டது. சுருள் வண்டியின் இரும்பு முள்ளில் தொங்கியபடி நின்றது.

"சார்ஜ் போடலயா?"

"போட்டேன். ஹாக்கிக்காரனுங்க காப்பி மெஷினுக்கு என் வயர உருவிட்டானுங்க."

"எவ்வளவு நேரமாகும்?"

"மூணு மணி நேரம்."

லோரெட்டா தொங்கும் சுருளைப் பார்த்தாள். கத்துவதற்கான சத்து எந்த லீக்கில் தீர்ந்துபோனதென்று அவளுக்கே தெரியாது. இருநூற்றைம்பது கிலோ சுருள். ஓரமாக எட்டு ஆட்டக்காரர்கள் நின்றிருந்தார்கள். எங்கள் அணியில் ஆடுபவர்களே கம்பளமும் விரிப்பார்கள். நடுவில் குழாயைச் செருகி எட்டுப் பேர் தூக்கினால் மற்ற சுருள்களைக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் இதைத் திரும்பவும் ஓரமாகக் கொண்டுபோய், மறுபடி நடுவுக்கு...

"இங்கயே இறக்கி விரிங்க" என்றாள்.

"நடுவுலயா? ஒண்ணுல இருந்துதானே—"

"என்னால இன்னொரு தடவ தூக்கச் சொல்ல முடியாது. தடுப்புச் சுவர்ல நடு அடையாளம் இருக்கில்ல, அதுக்கு நேரா ஓரத்த வெச்சு விரிங்க. எப்படியும் மேடு வரத்தான் போவுது."

விரித்தார்கள். அடுத்து பக்கத்தில் ஒட்ட மஞ்சள் எட்டு வேண்டும். எட்டுப் பேரும் அதைத் தூக்கி வந்து ஒன்பதுக்கு அருகில் போட்டார்கள். டாரியோ என்ற தடுப்பாட்டக்காரன் குனிந்து ஓரத்தைப் புரட்டினான்.

"லோரெட்டா, இதுல நீலத்துல ஒண்ணு."

"சரி."

"அதுலயும் நீலத்துல ஒண்ணு."

அவள் நடந்து வந்து பார்த்தாள். இரண்டு நீல ஒன்றுகள், தோளோடு தோள் சேர்ந்து, அரங்கத்தின் நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் கிடந்தன.

"பத்தக் கொண்டாங்க" என்றாள். பத்தில் நீல இரண்டு இருந்தது. "ஏழு." ஏழிலும் நீல இரண்டு.

லோரெட்டா பலகையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அடியிலிருந்த பனியின் குளிர் கால்சட்டை வழியாக ஏறியது. எழுந்திருக்க அவசரப்படவில்லை.

"ரெண்டு கம்பளமில்ல" என்றாள். "ஒரே கம்பளம். நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் எண்ணியிருக்கான்."

"ஆமா" என்றான் டாரியோ. "குளியலறைக்கு டைல்ஸ் போடறப்போ நாங்களும் அப்படித்தான். நடுவுல ஆரம்பிச்சா மிச்சம் ரெண்டு சுவத்துக்கும் பாதிப் பாதியாப் போயிடும்."

"நீ டைல்ஸ் வேலைக்கா போற?"

"திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும்."

"ஆகஸ்ட்ல இருந்து இந்தக் கம்பளத்தோட மாரடிக்கிறோம். ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"என்னை யாரும் கேக்கல. நான் டிஃபென்ஸ்."

லாஸ்லோ சிரித்துச் சிரித்து இருமினான். லோரெட்டாவும் சிரித்திருப்பாள், மணி ஒன்று ஐம்பதாகிவிட்டது.

3

இன்னும் பின்னால் போனால் முதல் லீக். அணிகள் பன்னிரண்டு. அரங்கம் நிரம்பி, டிக்கெட் கிடைக்காதவர்கள் வாகன நிறுத்தத்தில் நின்று சத்தம் மட்டும் கேட்ட காலம் அது என்கிறார்கள். ஆட்டக்காரர்கள் புகைக்குள்ளிருந்து ஒளிவட்டத்தில் ஓடி வருவார்களாம். மலருக்கு லீக் விரும்பிய வரலாறு இதுதான். எனக்கு இதில் சொல்ல எதுவும் இல்லை. நான் அப்போது இங்கே வரவில்லை.

ஆனால் நீல எண்களை எழுதியது யார் என்று யோசித்தேன். சான்று இல்லை. ஊகம்தான், ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலான ஊர்களில் கம்பளம் விரிக்கவென்று தனி ஆட்கள் கிடையாது. பனிச்சறுக்கு நடன நிகழ்ச்சிகளுக்கு மேடை அமைப்பவர்களையே கூப்பிட்டிருப்பார்கள். மேடைக்காரர்களுக்கு எல்லா அளவும் நடுக்கோட்டிலிருந்துதான். நாற்காலியாக இருந்தாலும் விளக்காக இருந்தாலும் நடுவிலிருந்து இடப்பக்கம் இத்தனை, வலப்பக்கம் இத்தனை. அவர்கள் கையில் ஒரு கம்பளத்தைக் கொடுத்தால் இரண்டு ஒன்று எழுதாமல் வேறென்ன எழுதுவார்கள்?

லீக் செத்தது. அவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். கம்பளம் கொட்டகைக்குப் போனது. விரிக்கும் முறையை யாரும் காகிதத்தில் எழுதி வைக்கவில்லை; எண்ணே போதும் என்று நினைத்திருப்பார்கள். மூன்று லீக்குகளின் வரலாற்றில் நான் கண்டுபிடித்த ஒரே உண்மை இதுதான். எங்கள் லீக்குகள் ஒன்றிடமிருந்து ஒன்று சாமானை வாங்கிக்கொண்டன. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை வாங்கிக்கொள்ளவில்லை.

(இதை மலரில் போட முடியாது என்று லீக் அலுவலகம் சொல்லிவிட்டது. சோகமாக இருக்கிறதாம்.)

3

மூன்று மணிக்கு ஆய்வாளர் எவரெட் டோலிவர் வந்தார். பழைய நடுவர். ஒரு பந்தும், இரும்பு அளவுநாடாவும், ஒரு ரசமட்டமும் கொண்டுவருவார். வடக்கு கோலின் முன் பன்னிரண்டு இடங்களிலிருந்து பந்தை உருட்டுவார். ஓரிடத்தில் துள்ளினாலும் ஆட்டம் இல்லை.

லோரெட்டா தடுப்புச் சுவரில் சாய்ந்து நின்றாள். சாவிக்கொத்து கையில் இருந்தது.

இங்கே என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

ஒன்றில் பதினோராவது உருட்டலில் பந்து துள்ளுகிறது. அணி சாகிறது, அதோடு லீக்கும். அந்த முடிவை எழுதி முடித்தபோது எனக்கே அலுப்பாக இருந்தது. அவள் அதை நான்கு முறை வாழ்ந்துவிட்டாள். ஐந்தாவது முறை என் வசதிக்காகவா?

இன்னொன்றில், இரவு கடைசி நொடியில் டாரியோ அடித்த பந்து வடக்குச் சுவரில் பட்டு, மேடு இருந்த அதே இடத்தில் உருண்டு, வலைக்குள்—

(இல்லை. அவன் டிஃபென்ஸ்.)

ஆகவே நடந்ததையே சொல்கிறேன். டோலிவர் பன்னிரண்டு முறை உருட்டினார். பன்னிரண்டு முறையும் பந்து வாயை மூடிக்கொண்டு போனது. அவர் முழங்காலிட்டு, கம்பளத்தின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

"வெட்டினீங்களா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க லோரெட்டா. எட்டு அங்குலம் எங்க போச்சு?"

"நாலு இங்க. நாலு அங்க."

அவர் தெற்குக் கோல் வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். கையெழுத்துப் போட்டார். "இன்னைக்கு ஆடுங்க" என்றார். பிறகு, "என் கடைசிப் பருவம் இது. ஒரு மேலங்கி மிச்சமிருந்தா குடுங்க, குளுருது" என்றார்.

"ஜிப் ஏறாது. பரவால்லயா?"

அன்று ஏழு மணிக்கு ஆட்டம் நடந்தது. யார் வென்றார்கள் என்று சொல்லப்போவதில்லை. அடுத்த மே மாதத்தில் ஆறு அணிகள் இருக்குமா என்பது எனக்கே தெரியாது. அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சாய்த்தாலும் எனக்குச் சம்மதம். இந்தக் கதையின் எண்கள் ஏன் இரட்டை என்பதும் இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒரு சனிக்கிழமையை நடுவில் வைத்து, லீக்கைப் பின்னாலும் லோரெட்டாவை முன்னாலும் விரித்தேன். பன்னிரண்டு முறை ஓரத்திலிருந்து தொடங்கியபோது, மிஞ்சியதெல்லாம் கடைசிப் பக்கத்தில்தான் குவிந்தது.

ஒரு வாசகர் கேட்கலாம்: தெற்கிலேயே தொடங்கி, முதல் சுருளை நான்கு அங்குலம் தள்ளிப் போட்டிருந்தால் போதாதா? போதாது. இணைப்புகள் பதினைந்து. ஒவ்வொன்றிலும் அரை அங்குலம்போல மிஞ்சுகிறது. அது குளிரையும் இழுப்பவர் கையையும் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். எத்தனை அங்குலம் தள்ளுவது என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. நடுவில் தொடங்கினால் அது தெரிய வேண்டியதே இல்லை.

மலருக்கான நான்கு பக்கத்தை நான் இன்னும் கொடுக்கவில்லை. லோரெட்டா மட்டும் அன்றே, ஆட்டம் தொடங்குவதற்கு முன், ஒரு தாளில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முதல் சுருளைச் சுற்றும் குழாய்க்குள் செருகினாள். அடுத்து இந்தக் கம்பளம் யாரிடம் போனாலும் தாளும் கூடவே போகும். அதில் இருப்பது இவ்வளவுதான்:

மஞ்சள் எண்ணைப் பார்க்காதே, நீல எண்ணைப் பார். இரண்டு 1-களையும் அரங்கத்தின் நடுக்கோட்டில் சேர்த்து ஒட்டு. அங்கிருந்து இரண்டு பக்கமும் 8 வரை போ. மிஞ்சுவது இரண்டாகப் பிரியும். பலகைகளுக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் இரண்டு முனையிலும் ஐந்து அங்குல இடைவெளி இருக்கிறது. மிச்சத்தை அதில் இறக்கிவிடு. வெட்ட வேண்டாம்.